சேற்றின் மேல் சிகாகோ: எதைப் பார்ப்பது, எப்படி நிற்கிறது?

கேள்வி இதுதான்: "சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூனில் இரண்டு வாரம் சிகாகோவில் மாமா வீட்டில் இருப்பேன். அங்கே பார்க்க வேண்டிய பெரிய கட்டடங்கள் எவை? ஊரே சதுப்பு நிலத்தில் கட்டியது என்கிறார்கள், அப்புறம் நூறு மாடி எப்படி நிற்கிறது?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் பதில் வந்துவிடும். அதனால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். பல வருடம் அஸ்திவார வேலையில் இருந்தவன் நான். எல்லோரும் கட்டடத்தின் உச்சியைக் காட்டும் இடத்தில் நான் தரையைக் காட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. நகரின் மையப் பகுதிக்கு லூப் என்று பெயர். அங்கே மேலே சில அடிக்குக் கொட்டிய மண், அதற்குக் கீழே நீலம் பாய்ந்த ஈரக் களிமண். கையில் எடுத்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி பிசையலாம். ஆழம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அதற்கும் கீழே கடப்பாரைக்கு மசியாத ஒரு கெட்டி மண். சுமார் 100 அடி தாண்டினால்தான் சுண்ணாம்புப் பாறை. 19ஆம் நூற்றாண்டுக் கொத்தனாருக்கு அந்தப் பாறை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

முதல் தொல்லை கட்டடத்தால் வரவில்லை, சாக்கடையால் வந்தது. ஊர் ஏரி மட்டத்துக்குச் சில அடி மேலேதான் இருந்தது, தண்ணீர் ஓட வாட்டம் இல்லை. 1854இல் காலரா வந்து ஊரையே உலுக்கியது. எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். குழாயைத் தரைக்குக் கீழே புதைத்தால் வாட்டம் கிடைக்காது. தெருவின் மேலேயே குழாயைப் போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்திவிடலாம் என்றார். சரி, தெரு உயர்ந்தால் ஏற்கெனவே நிற்கும் கட்டடங்கள்? அவற்றையும் தூக்கினார்கள். 1858 ஜனவரியில் நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை, 750 டன் எடை, 200 திருகு ஜாக்கி வைத்து ஆறடிக்கு மேல் தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கடைகள் முழுவதையும் ஒன்றாகவே தூக்கினார்கள். 320 அடி நீளம், ஏறக்குறைய 35,000 டன், 6,000 ஜாக்கி, 600 ஆட்கள். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் திருகைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். யாராவது ஒருவர் அதிகமாகத் திருப்பினால் சுவர் விரிசல் விடும். உள்ளே வியாபாரம் நடந்துகொண்டே இருந்ததாம். இன்று சென்னையில் ரோடு உயர உயர வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்.

இதன் தடயம் லூப்பில் இல்லை, பில்சன் என்ற பகுதியில் இருக்கிறது. அங்கே சில வீடுகளின் முன்பக்கம் நடைபாதையைவிட ஓர் ஆள் உயரம் தாழ்வாக, பள்ளத்துக்குள் இருக்கும். தெரு உயர்ந்தது, அந்த வீடுகளைத் தூக்கக் காசில்லை, அவ்வளவுதான். மெக்சிகோக்காரர்கள் அதிகம் வாழும் இடம், சாப்பாடும் நன்றாக இருக்கும். ஒரு மதியம் போய் வாருங்கள்.

1871 அக்டோபரில் பெருந்தீ. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், 17,000க்கு மேல் கட்டடங்கள் போயின. அந்த இடிபாடுகளை ஏரியில் கொட்டித்தான் இன்றைய கிராண்ட் பார்க்கின் ஒரு பகுதி உருவானது. "தீ பிடித்ததால் வானளாவிகள் பிறந்தன" என்று சுற்றுலா வழிகாட்டிகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அது அவ்வளவு நேரடியான கதை இல்லை. தீக்குப் பிறகு முதலில் கட்டியவை பழைய மாதிரியே இருந்தன. வானளாவிகள் வந்தது 1880களில். நிலத்தின் விலை ஏறியது, லிஃப்ட் வந்தது, எஃகு மலிவானது. இந்த மூன்றும் கூடியபோதுதான் மண் மறுபடி குறுக்கே வந்தது.

மோனாட்நாக்கைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள். ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. வடக்குப் பாதி 1891இல் முடிந்தது, பர்ன்ஹாம் - ரூட் என்ற கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தது. 16 மாடி, முழுக்கச் செங்கல். வெளிச்சுவரே எடையைத் தாங்குகிறது, அதனால் அடியில் சுவரின் கனம் ஆறடி. ஜன்னல் ஓரத்தில் கையை நீட்டிப் பாருங்கள், உள்ளிருந்து வெளி விளிம்பு எட்டாது. அடிப்பகுதியில் சுவர் மெல்ல வெளியே வளைந்து ஒரு மணியின் விளிம்பு போல அகலும். கட்டடம் களிமண்ணில் எட்டு அங்குலம் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். அது சில வருடங்களிலேயே எட்டைத் தாண்டியது, 20 அங்குலம் வரை போனது. அதனால் தெருவிலிருந்து தரைத்தளத்துக்கு இன்றும் படி இறங்கித்தான் போக வேண்டும். கட்டடத்தின் எடையில் மண் அமுங்கிக் கட்டடம் இறங்குவதைப் புத்தகத்தில் செட்டில்மென்ட் என்று படிக்கிறீர்களே, அதைக் காலால் உணரக்கூடிய இடம் அது. இரண்டே வருடம் கழித்து 1893இல் கட்டிய தெற்குப் பாதியில் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். செங்கல் வெறும் போர்வை. டியர்பார்ன் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று இரண்டு பாதியின் ஜன்னல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தொழில்நுட்பம் முடிந்து இன்னொன்று தொடங்கிய கோடு அந்தச் சுவரிலேயே தெரியும்.

எஃகுச் சட்டகத்துக்கு முன்னோடி என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் இருக்கும். 1885, வில்லியம் லெ பரோன் ஜென்னி, பத்து மாடி. 1931இல் இடித்துவிட்டார்கள், போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. அதுதான் உலகின் முதல் வானளாவியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதில் சில சுவர்கள் பழைய முறையில் எடை தாங்கியவையே. தேர்வில் கேட்டால் ஆம் என்று எழுதிவிடுங்கள்.

அந்தக் காலத்தில் அஸ்திவாரம் எப்படிப் போட்டார்கள்? ஜான் ரூட் ஒரு வழி கண்டார். தண்டவாளக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, காங்கிரீட் ஊற்றி, அகலமான தட்டையான ஒரு பாதம் செய்தார். சேற்றில் நடக்கும்போது பலகை போட்டு நடப்பது மாதிரிதான். லசால் தெருவிலுள்ள ருக்கரி (1888) இப்படி நிற்கிறது. அதன் உள்முற்றத்தை 1905இல் ஃப்ராங்க் லாயிட் ரைட் மாற்றி அமைத்தார். வாசல் வரை போய் எட்டிப் பாருங்கள், அழகு.

ஆனால் பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. 1889இல் திறந்த ஆடிட்டோரியம் கட்டடத்தில் அது தெரிந்தது. டாங்க்மார் ஆட்லர் பொறியியல், லூயிஸ் சல்லிவன் வடிவம். அஸ்திவாரம் போட்ட பிறகு, வெளிச்சுவர் இன்னும் கம்பீரமாக இருக்கட்டும் என்று செங்கல்லைக் கைவிட்டுக் கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் வைக்க முடிவானது. எடை கூடிவிட்டது, அடியில் இருப்பதோ பழைய கணக்கு. கோபுரத்துக்கு மட்டும் ஆட்லர் உஷாராக இருந்தார். மாடிகள் ஏறும் முன்பே அந்த இடத்தில் வார்ப்பிரும்பையும் செங்கல்லையும் அடுக்கி, வரப்போகும் எடையைக் காட்டி மண்ணை முன்கூட்டியே அழுத்தினார். வெளிச்சுவருக்கு அந்த யோகம் இல்லை. சில இடங்களில் இரண்டடிக்கு மேல் இறங்கியது, தரை வாட்டமாகிவிட்டது. இன்று ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகம் அதில் இயங்குகிறது. அரங்கத்தில் கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன. ஒலியமைப்பு அபாரம். முன்கூடத் தரையில் நடக்கும்போது உங்கள் கால் எதையோ சொல்லும்.

களிமண்ணைத் தாண்டிக் கீழே கெட்டியான அடுக்கைத் தொட்டாக வேண்டும் என்ற புத்தி வந்தது இதற்குப் பிறகுதான். வழி காட்டியது பக்கத்து வீட்டுக்காரரின் புகார் என்று சொன்னால் நம்புவீர்களா? 1893இல் ஆட்லரும் சல்லிவனும் பங்குச்சந்தைக் கட்டடத்தைத் தொடங்கினார்கள். மேற்குப் பக்கத்தை ஒட்டி ஒரு நாளிதழின் அச்சுக்கூடம். பைல், அதாவது அஸ்திவாரத்துக்கான நீளத் தூண், மண்ணுக்குள் அடித்தால் அதிர்வில் அச்சு இயந்திரம் கெட்டுவிடும். அதனால் அந்த ஒரு பக்கத்தில் மட்டும், சூய் ஸ்மித் என்ற பொறியாளரின் யோசனைப்படி, வட்டமாகக் கிணறு வெட்டினார்கள். ஐந்தாறு அடி தோண்டுவது, சுற்றிலும் மரப்பலகையைச் செங்குத்தாக நிறுத்தி இரும்பு வளையத்தால் இறுக்குவது, மறுபடி தோண்டுவது. கெட்டி மண் வந்ததும் அடியை அகலமாக்கி, காங்கிரீட்டால் நிரப்புவது. களிமண் கெட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்பதால் பலகை வைக்கும் வரை சரியாது. இவ்வளவு நாள் தொல்லை கொடுத்த மண்ணே இந்த முறைக்குத் தோதாக இருந்தது! அங்குள்ளவர்கள் இதைச் சிகாகோ கெய்சன் என்பார்கள், சிகாகோ கிணறு என்றும் சொல்வார்கள். நம் ஊரில் உறைக்கிணறு இறக்குவதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். நமக்கு நடுவில் தண்ணீர், அவர்களுக்கு நடுவில் காங்கிரீட்.

அந்தப் பங்குச்சந்தைக் கட்டடத்தை 1972இல் இடித்தார்கள். ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் அதன் அலங்கார வேலைப்பாடுகளைக் காப்பாற்ற உள்ளே போய், ஏப்ரல் 13 அன்று இடிபாட்டில் சிக்கி இறந்தார். அவரைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தால்தான் மீதமிருந்த சில கட்டடங்களாவது தப்பின. பங்குச்சந்தையின் நுழைவு வளைவு இப்போது ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்துக்கு வெளியே, மன்ரோ தெரு முனையில் தனியாக நிற்கிறது. வணிகக் கூடத்தை உள்ளே திருப்பிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே போகும்போது இன்னொன்று: 1893இல் சர்வமத மாநாடு நடந்ததும் விவேகானந்தர் பேசியதும் இந்த அருங்காட்சியகக் கட்டடத்தில்தான். சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய பணம் அவரைக் கொண்டு சேர்த்த இடம். வாசலிலுள்ள மிச்சிகன் அவென்யூவின் ஒரு துண்டுக்கு விவேகானந்தர் பெயர் வைத்த பலகையும் இருக்கிறது.

மண்ணுக்குள் இருக்கும் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே ஏறக் கூடாது. 1899 முதல் தொலைபேசிக் கம்பி போடுகிறோம் என்று அனுமதி வாங்கி, தெருக்களுக்கு 40 அடி கீழே ஒரு நிறுவனம் சுரங்கம் தோண்டியது. பார்த்தால் அதில் குட்டி ரயில் ஓடுகிறது. நிலக்கரி, சாம்பல், தபால், சரக்கு எல்லாம் கட்டடங்களின் அடித்தளத்துக்கே போய் இறங்கின. மொத்தம் ஏறக்குறைய 60 மைல். 1959இல் ரயில் நின்றது, சுரங்கம் அப்படியே கிடந்தது. 1991இல் கின்சி தெருப் பாலத்தருகே ஆற்றில் பைல் அடித்தபோது, அடியில் இருந்த சுரங்கச் சுவர் நசுங்கிச் சேறு கசியத் தொடங்கியது. 1992 ஜனவரியில் கேபிள் வேலைக்காரர்கள் பார்த்து வீடியோவே எடுத்தார்கள். சரிசெய்யச் சுமார் 10,000 டாலர் ஆகும் என்று வந்த மதிப்பீடு அதிகம் என்று தோன்றியதாம், குறைவாக யாராவது செய்வார்களா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 13 காலையில் ஆறு உள்ளே புகுந்தது. கட்டடம் கட்டடமாக அடித்தளத்தில் தண்ணீர், சில இடங்களில் மீன். மின்சாரத்தை நிறுத்தி லூப்பையே காலி செய்தார்கள். ஆற்றில் சுழி தெரிந்த இடத்தில் லாரி லாரியாகக் கல், சிமென்ட், கடைசியில் மெத்தை வரை போட்டுப் பார்த்தார்கள். 25 கோடி காலன் தண்ணீர். தெருவில் நடந்து போனால் ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஒருவரும் சாகவில்லை என்பதுதான் ஆறுதல். நஷ்டம் 100 கோடி டாலர் வரை சொல்வார்கள்.

இனி உயரம். கெட்டி மண்ணையும் பாறையையும் தொட்டதும் எடைப் பிரச்சினை தீர்ந்தது, காற்று பாக்கி இருந்தது. மாடி ஏற ஏறக் காற்றைத் தாங்குவதற்கென்றே எஃகு கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் கட்டுப்படியாகாது. இதை உடைத்தவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்து, கல்கத்தா அருகே சிப்பூரிலும் டாக்காவிலும் படித்து, 1952இல் இலினாய்ப் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையில் வந்தவர். பிறகு எஸ்.ஓ.எம். என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால்: பலத்தைக் கட்டடத்தின் நடுவில் வைக்காதே, வெளி விளிம்பில் வை. மூங்கில் ஏன் உள்ளே பொள்ளலாக இருந்தும் காற்றில் முறிவதில்லையோ, அதே காரணம்.

ஜான் ஹான்காக் சென்டர் (1969, 100 மாடி, 1,128 அடி) அதன் வெளிப்படையான வடிவம். முகப்பில் தெரியும் ராட்சத எக்ஸ் குறுக்குக் கம்பிகள் அலங்காரம் இல்லை, அவைதான் காற்றைச் சுமக்கின்றன. சதுர அடிக்குச் சுமார் 30 பவுண்டு எஃகுதான் பிடித்தது; 1931இல் கட்டிய எம்பயர் ஸ்டேட்டில் அது 40ஐத் தாண்டும். கீழே கடை, அலுவலகம், மேலே வீடு. வீட்டுக்கு அகலம் குறைவாக இருந்தால் போதும், அதனால் கட்டடம் மேலே போகப் போக ஒடுங்குகிறது. 44ஆம் மாடியில் நீச்சல்குளம். இதன் அஸ்திவாரமும் சும்மா விடவில்லை. சுமார் 20 மாடி ஏறியபோதே, முழுக் கட்டடத்துக்கும் எதிர்பார்த்த இறக்கம் வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால், கெய்சனில் காங்கிரீட் ஊற்றிக்கொண்டே, கிணறு சரியாமலிருக்க இறக்கிய இரும்பு உறையை வெளியே இழுத்தபோது உள்ளே வெற்றிடம் உண்டாகியிருந்தது. எல்லாவற்றையும் சோதித்துச் சரிசெய்யப் பல மாதம் வேலை நின்றது. தொடங்கிய முதலாளி திவாலானார். காங்கிரீட் ஊற்றும்போது உறையை அவசரப்பட்டு இழுக்காதே என்று உங்களுக்கு வகுப்பில் சொல்வார்களே, அதன் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. கட்டடத்தின் பெயர் 2018இல் போய்விட்டது, இப்போது வெறும் கதவு எண்: 875 நார்த் மிச்சிகன் அவென்யூ.

அடுத்து சியர்ஸ் டவர், 1973, 110 மாடி, 1,451 அடி. 75 அடிச் சதுரக் குழாய்கள் ஒன்பதைச் சேர்த்துக் கட்டியது போல் அமைப்பு. இரண்டு குழாய் 50ஆம் மாடியில் நிற்கும், இரண்டு 66இல், மூன்று 90இல், மீதி இரண்டு உச்சி வரை. ஒரு கை நிறைய சிகரெட்டைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்து வடிவத்தை முடிவு செய்ததாகச் சொல்வார்கள். அடியில் பாறை வரை போகும் 114 கிணறுகள். 1998இல் மலேசியாவின் பெட்ரோனாஸ் வரும் வரை உலகின் உயரமான கட்டடம். 2009இல் வில்லிஸ் டவர் ஆனது, ஊர்க்காரர்கள் இன்னும் சியர்ஸ் என்றே சொல்வார்கள். 103ஆம் மாடியில் வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டியில் நின்று படம் எடுக்க வரிசை இருக்கும். நான் சொன்னால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். கான் 52 வயதில், 1982இல் காலமானார். கட்டடத்தருகே ஒரு தெருமுனைக்கு அவர் பெயர் இருக்கிறது, அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஏமாற்றிய கட்டடம் ஒன்றும் உண்டு. இன்று ஏயான் சென்டர் எனப்படும் 83 மாடிக் கட்டடத்தை 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் கராரா வெள்ளைப் பளிங்கால் போர்த்தினார்கள், சுமார் 43,000 பலகை. சிக்கனத்துக்காக ஒன்றேகால் அங்குலக் கனம் மட்டும். சிகாகோவில் கோடையும் கடுமை, குளிரும் கடுமை. பளிங்கு சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் அதன் படிகங்கள் விரிந்தது போல் சுருங்குவதில்லை. பலகைகள் அப்பளம் மாதிரி வளைந்தன. 1973 கிறிஸ்துமஸ் அன்றே ஒன்று கழன்று பக்கத்துக் கட்டடக் கூரையைத் துளைத்திருந்தது. 1990-92இல் மொத்தத்தையும் கழற்றி வெள்ளைக் கிரானைட் போட்டார்கள், 8 கோடி டாலருக்கு மேல். ஆற்றோரம் சோளக்கதிர் போல நிற்கும் மெரினா சிட்டியும் அதே ஊர், அதே குளிர்தான். 1960களின் அந்த இரட்டைக் காங்கிரீட் கோபுரங்களின் கீழ் 19 தளமும் சுற்றிச் சுற்றி ஏறும் கார் நிறுத்தம். எனக்கு ஊரிலேயே பிடித்தது அதுதான், காரணம் கேட்காதீர்கள்.

புதியவற்றில் இரண்டு போதும். 150 நார்த் ரிவர்சைடு (2017): அடியில் ரயில் தண்டவாளம், பக்கத்தில் ஆறு, கால் வைக்க இடமில்லை. 54 மாடி, ஆனால் தரையருகே 39 அடி அகலத் தண்டில் நிற்கிறது. ஆட்டத்தை அடக்க உச்சியில் 12 தண்ணீர்த் தொட்டிகள். கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் பிந்திச் சேர்ந்து எதிர்ப்பக்கம் இழுக்கும். இன்னொன்று ஜீன் கேங் வடிவமைத்த செயின்ட் ரீஜிஸ், 101 மாடி. 83ஆம் மாடியைக் காலியாக விட்டிருக்கிறார்கள், காற்று நடுவில் புகுந்து போகட்டும் என்று. மாலையில் ஏரிப் பக்கம் நின்றால் அந்த இடைவெளி வழியே வானம் தெரியும்.

கட்டாத ஒன்றும் இருந்தது. கலட்ராவா என்ற கட்டடக்கலைஞர் வரைந்த 2,000 அடி சிகாகோ ஸ்பயர், 2007இல் தொடங்கி 2008 நிதி நெருக்கடியில் நின்றது. மிஞ்சியது 110 அடி விட்டத்தில், 76 அடி ஆழத்தில் ஒரு வட்டக் குழி. கிணறு வெட்டிப் பேர் வாங்கிய ஊரில் காலியாகக் கிடந்த கிணறு. அந்த மனையில் இப்போது 72 மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருக்கிறது.

எப்படிச் சுற்றுவது? முதல் நாள் ஆற்றில் படகு ஏறிவிடுங்கள். சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் ஒன்றரை மணி நேரப் பயணம், மிச்சிகன் அவென்யூ பாலத்தடியில் புறப்படும். ஜூனில் நன்றாக இருக்கும், தொப்பி மறக்காதீர்கள். மறுநாள் காலை மோனாட்நாக், ருக்கரி, ஆடிட்டோரியம் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம், எல்லாம் பக்கம் பக்கம். மதியம் அருங்காட்சியகமும் அந்த வளைவும். ஹான்காக்கை மட்டும் கடைசி நாளுக்கு வையுங்கள். மேலே ஏறுவதற்கு முன் நடைபாதையில் நின்று, ஓர் எக்ஸ் கம்பி தெருவை நோக்கி இறங்கி வந்து மூலைத் தூணில் சேரும் முடிச்சைப் பார்த்து ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். புகைப்படம் வேண்டாம், பென்சிலால்.